திரிக-இடுப்பெலும்பு மூட்டுவலி

முதுகெலும்பில் ரண சிகிச்சை செய்து, புண் ஆறிய பின்னும், இடுப்பின் கீழே ஒரு புறமாக நிலைத்து நிற்கும் வலிக்குக் காரணமாவனவற்றுள் ஒன்று. உடுமலைப்பேட்டை வட்டாரத்தார் 'குறுக்கு வலி' எனப் பொதுவாகச் சொல்லும் உபாதைகளுள் அடங்குவது.

அமைப்பு: முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு இருபுறமும் இடுப்பெலும்போடு பொருந்தும் இடமே இம்மூட்டு. சில பாகைக்கு மேல் இது அசைவதில்லை. எனினும் மேலுடலின் பாரத்தைக் கால்களுக்கு இறக்குவது இதுவே. கீழ்முதுகு முள்ளெலும்புகளைத் திருகாணியிட்டுப் பிணைக்குங்கால், அங்கே தடையுண்ட அசைவின் சுமை இம்மூட்டின்மேல் விழுகிறது.

வரலாறு: 1905-இல் போஸ்டன் நகரத்து வைத்தியர்களான கோல்ட்த்வெயிட், ஆஸ்குட் இருவரும் இடுப்புவளைய மூட்டுகளை விரிவாக ஆராய்ந்து, முதுகுவலிக்கு இவையும் மூலமாகும் எனக் கூறினர். தொடையெலும்புக் கழுத்து முறிவுக்கு ஆணி வகுத்துப் புகழ்பெற்ற ஸ்மித்-பீட்டர்சன், 1921-இல், இம்மூட்டைத் திறந்து இணைக்கும் முறையை வெளியிட்டார். ஆயின், 1934-இல் மிக்ஸ்டரும் பாரும் முள்ளெலும்பிடைத் தட்டின் பிதுக்கம் நரம்பை அழுத்துவதை நிறுவிய பின், வைத்திய உலகின் கவனம் முழுதும் தட்டின்பாற் சென்றுவிட, இம்மூட்டு அநியாயமாக மறக்கப்பட்டது. 1994-இல் ஃபார்டின் குழுவினர், வலியற்ற தொண்டர் பதின்மரின் மூட்டில் மருந்து செலுத்தி, வலி பரவும் பரப்பை வரைந்து காட்டியதோடு பழைய கொள்கை புத்துயிர் பெற்றது.

சிகிச்சை: எக்ஸ்ரே காட்சியின் துணையோடு மூட்டினுள் மரப்பு மருந்து செலுத்த, வலி பெரும்பாலும் தணியுமாயின் மூலம் இதுவே எனத் துணியலாம். பயிற்சியும் ஸ்டீராய்டு ஊசியும் பயன்தராவிடின், மெல்லிய ஊசிமுனை வழியே ரேடியோ அலை பாய்ச்சி, சுமார் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தால், வலியுணர்வைச் சுமக்கும் நுண்நரம்புக் கிளைகளைச் சுடுவர். நரம்பு மீண்டும் வளருவதால், மாதங்கள் சென்றபின் வலி திரும்புவதும் உண்டு. அதற்கும் அடங்காத வலிக்கு, சிறு கீறல் வழியே டைட்டானியத் தண்டுகளைச் செலுத்தி மூட்டை நிலைநிறுத்துவர். தசையை அகலப் பிளந்த பழைய முறையினும் இது மேலானது.

இன்றைய நிலை: உடுமலைப்பேட்டையினர் பெரும்பாலும், 1978-இல் தொடங்கப்பெற்ற கங்கா மருத்துவமனை முதலான எலும்பு சிகிச்சை நிலையங்கள் உள்ள கோயம்புத்தூரையே நாடுகின்றனர்.