மருந்தடிப்போரும் குருதிச் சோதனையும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் செழித்து வளர்கின்றன. அத்தோட்டங்களிற் களைகொல்லி தெளித்தலை மருந்தடித்தல் என்பர். நஞ்சுக்கு மருந்தெனப் பெயரிட்டமையால் அதன் கொடுமை குறைந்துவிடவில்லை.

உடலினுட் புகுந்த நஞ்சை, நோய் முற்றுமுன்னரே குருதியாலும் சிறுநீராலும் அறியலாம். ஒகனோபொசுபேற்று எனும் வகைப் பூச்சிகொல்லிகள், நரம்புத் தொழிற்பாட்டுக்கு வேண்டிய கோலினெசுத்தரேசு என்ற நொதியைத் தளர்த்துகின்றன. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் தெளிப்போரின் குருதியில் இந்நொதியை அளத்தலை 1974இல் விதியாக்கிற்று. பேராசிரியர் ஜெயரத்தினமும் உடனாய்வாளரும் இலங்கை உட்பட நான்கு ஆசிய நாடுகளின் விவசாயத் தொழிலாளரிடம் இதனை அளந்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டனர்.

ஆயினும், தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் வழங்கிய பரகுவாற்று என்னும் களைகொல்லியை இச்சோதனை காட்டுவதன்று. நொதி குறையாமை, அந்நஞ்சு உடலிற் சேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. அதனைச் சிறுநீரில் தனியே தேடல் வேண்டும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இலங்கையில் இந்நஞ்சுகளின் விற்பனையை நெறிப்படுத்திற்று. பரகுவாற்று 2008 முதற் படிப்படியாக விலக்கப்பட்டது. 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேற்று, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

விற்கப்படும் நஞ்சைச் சட்டம் கண்காணிக்கின்றது. அதனை முதுகிற் சுமந்து தெளிப்போரின் உடலையும் அவ்வாறே கண்காணித்தல் அறமன்றோ?