நெடுங்கணக்கும் கணினிக் கோப்புறையும்

பொருள்களைச் சேர்த்து வைத்தல் எளிது. சேர்த்தவற்றுள் வேண்டியதை வேண்டிய பொழுதில் எடுத்தலே அரிது. அவ்வருமையை எளிமையாக்க மனிதன் கண்ட கருவியே வரிசை. நூலகத்தின் நூற்பட்டியும், பள்ளியின் வருகைப் பதிவேடும், மாணவன் கையிலுள்ள அகராதியும் வரிசை ஒன்றனாலேயே பயன்படுகின்றன. எனினும், எதனையும் நொடியில் எண்ணி முடிக்கும் கணினியின் கோப்புறையில் ‘பாடம் 10’ என்பது ‘பாடம் 2’ என்பதற்கு முன்னும், ‘அன்பு’ என்னும் பெயர் ‘அமுதா’வுக்கு முன்னும் நிற்பதைக் காண்கிறோம். இப்பிறழ்ச்சி எங்ஙனம் தோன்றிற்று? எவ்வளவு களையப்பட்டது? இன்னும் எஞ்சி நிற்பது யாது? தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அறிய வேண்டிய வரலாறு இது.

எழுத்து வரிசையில் சொற்களை அடுக்குதல் நம் முன்னோர் தொடக்கத்திலேயே கைக்கொண்ட முறை அன்று. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பொருள் வகையால் சொற்களைத் தொகுத்தன. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி எதுகை முறையில் அமைந்தது. மனப்பாடம் செய்வார்க்கு இம்முறைகள் பொருந்தின, தேடுவார்க்குப் பொருந்தவில்லை. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அமைத்தது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அம்முறையை மேலும் செம்மைப்படுத்திற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அம்மரபின் பெரும் பயன் எனலாம். அகரத்தை ஆதியாக உடையது அகராதி என்னும் பெயரே இம்முறையின் சிறப்பைப் புலப்படுத்தும்.

இனிக் கணினிக்கு வருவோம். கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியீட்டில் இலக்கங்கள் 48 முதல் 57 வரையும், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரையும் அமைந்தன. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சிறிய எழுத்துகள் 97 முதல் 122 வரை இடம்பெற்றன. இவ்வெண்களை மட்டும் ஒப்பிட்டு அடுக்கினால், பெரிய எழுத்தின் இறுதியாகிய ‘இசட்’, சிறிய எழுத்தின் முதலாகிய ‘ஏ’க்கு முன்னே வந்து நிற்கும். கணினியின் கணக்கில் பிழை இல்லை. நம் வழக்கோடுதான் அது பொருந்தவில்லை.

தொடக்க காலக் கணினிகளில் இத்தகைய வரிசைதானும் எப்போதும் இருந்ததில்லை. எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் கோப்புப் பட்டியலைக் கேட்டால், வட்டில் பதிவான ஒழுங்கிலேயே பெயர்கள் தோன்றும். ஒரு கோப்பை அழித்தால் அதன் இடத்தில் புதுக்கோப்பின் பெயர் புகுந்துகொள்ளும். சத்திரத்தில் ஒருவர் விட்டுச்சென்ற திண்ணையில் மற்றொருவர் படுப்பது போன்றது அது. 1991இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலேதான் பட்டியலிடும் ஆணையுடன் வரிசைப்படுத்தும் வசதியும் இணைக்கப்பட்டது.

எண்களால் விளைந்த குழப்பம் மேலும் நீடித்தது. கணினி பெயரை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். ‘பாடம் 10’ என்பதில் முதல் இலக்கம் 1. ‘பாடம் 2’ என்பதில் முதல் இலக்கம் 2. ஒன்று இரண்டினும் சிறிது. எனவே பத்தாம் பாடம் முந்திக்கொள்கிறது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, தொடர்ந்து வரும் இலக்கங்களை ஒரே எண்ணாகக் கொண்டு ஒப்பிடும் முறையைக் கோப்புறைகளில் புகுத்திற்று. அதன் பின்னரும் பழைய முறையைப் பின்பற்றும் செயலிகள் உள்ளன. அவற்றுக்கு எளிய மருந்து, 01, 02 எனச் சுழியம் சேர்த்துப் பெயரிடுதல். நாளைக் குறிக்கும்போது ஆண்டு, திங்கள், நாள் என்னும் ஒழுங்கில் எழுதுதலும் அத்தகையதே. 1988இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் அனைத்துலகத் தரம் வகுத்த ஒழுங்கும் அதுவே. அவ்வாறு எழுதிய பெயர்கள் எழுத்து வரிசையில் நின்றாலும் கால வரிசையிலும் நிற்கும்.

கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் எழும் உரையாடற் பெட்டிகளிலும் இச்சிக்கல் உண்டு. கோப்புறையில் நாம் அமைத்த வரிசை பெட்டியில் வேறாகத் தோன்றக்கூடும். 2019இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பொன்றில் பதிவிறக்கக் கோப்புறை நாள்வாரியாகப் பகுக்கப்பட்டுத் தோன்றியபோது, கோப்புகள் காணாமற் போயினவோ எனப் பலர் மயங்கினர். இங்கே செய்யத்தக்கது இதுவே: விவரக் காட்சியைத் தெரிவு செய்து, ‘பெயர்’ என்னும் தலைப்பைச் சொடுக்கி, அம்புக்குறி ஏறுவரிசையைக் காட்டுகின்றதா என நோக்குதல், நாள்வாரிப் பகுப்பு இருப்பின் அதனை நீக்குதல்.

தமிழுக்கு நேர்ந்த சிக்கலோ இவற்றினும் ஆழமானது. 1991இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய எழுத்துகளுக்கு இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டின் அமைப்பைப் பின்பற்றியது. பல மொழி எழுத்துகளும் ஒன்றற்கொன்று நேராக நிற்குமாறு அமைந்தது அது. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் வந்தன. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே புகுந்தது. தொல்காப்பியர் காலந்தொட்டு இறுதி எழுத்தாக நின்ற னகரம் நடுவே வந்து அமர்ந்தது. அமுதா, அரசி, அழகன், அறிவு, அன்பு என நிற்க வேண்டிய பெயர்கள், குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் அன்பு, அமுதா, அரசி, அறிவு, அழகன் என மாறிவிடும். புள்ளிக்குரிய எண் பிந்தியிருப்பதால், பேரகராதி முறைப்படி முன்வர வேண்டிய ‘அக்கா’ என்னும் சொல் ‘அகம்’ என்பதற்குப் பின்னே தள்ளப்படும்.

இக்குறைக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. எழுத்துக்கு எண் வழங்குதல் வேறு. எழுத்துகளை வரிசைப்படுத்துதல் வேறு. யூனிகோடு அமைப்பே இதனை உணர்ந்து, ஒவ்வொரு மொழிக்கும் உரிய வரிசை விதிகளைத் தனியே வகுக்க வழிசெய்தது. தமிழ் விதிகளில் னகரம் மெய்வரிசையின் இறுதியிலும், புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன்னும் அமைந்துள்ளன. 2010இல் தமிழ்நாட்டரசு ஏற்ற டேஸ் 16 என்னும் குறியீடு நெடுங்கணக்கின் ஒழுங்கையே எண்ணிலும் பேண முயன்றது. நம் மண்ணுக்கும் இம்முயற்சிகளில் பங்குண்டு. 1997இலும் 2000த்திலும் சிங்கப்பூரிலும், 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய மாநாடுகள் தமிழ்க் கணிமையின் சிக்கல்களை ஆராய்ந்தன; உத்தமம் என்னும் உலக அமைப்பு 2000த்தில் உருப்பெற்றது.

விதிகள் உள்ளன, எல்லாச் செயலிகளும் அவற்றைக் கைக்கொள்வதில்லை என்பதே எஞ்சிய குறை. விரிதாள் செயலிகள் சிலவற்றில் வரிசைக்குரிய மொழியைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. பெயர்ப்பட்டியல் அணியமாக்கும் ஆசிரியர் முதலில் அதனைத் தேடிப் பார்த்தல் நன்று.

வரிசை பிறழ்ந்தால் என்ன, தேடினால் கிடைக்குமே எனச் சிலர் கருதலாம். தேடுபவன் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லாத பெயர், அவனைப் பொறுத்தவரை இல்லாத பெயரே. னகரத்தை இறுதியில் நாடும் மாணவன், பட்டியலில் தன் பெயர் இல்லையென்றே முடிவு செய்வான். நாள்தோறும் திரையையே காணும் பிள்ளை, நகரத்தின் பின் னகரம் வருவதே தமிழ் முறை என நாளடைவில் நம்பிவிடவும் கூடும். அந்நிலை வந்தால் அகராதியைப் புரட்டும் பயிற்சி நம் வகுப்பறைகளினின்று மெல்ல மறையும். நெடுங்கணக்கை அதன் முறைப்படி கற்பிப்பதும், பிறழ்ந்த பட்டியலைக் கண்ட இடத்தே திருத்துவதும், செயலி செய்வோரிடம் நம் வரிசையைக் கேட்டுப் பெறுவதும் தமிழாசிரியர் கடமையாகும். கருவி மொழிக்கு இசைய வேண்டுமேயன்றி, மொழி கருவிக்கு இசைந்து தன் முறையை இழத்தல் ஆகாது.