பட்டம் கையில், வட்டி தலையில்

மூன்று வருடம் படித்து முடித்துவிட்டீர்கள். கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, அம்மா அப்பா பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்தாச்சு. வேலை? தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் வங்கி சொல்கிறது: இனி நீங்கள் மாணவர் இல்லை. ஆகவே, இதுவரை வட்டியில்லாமல் வைத்திருந்த கடனுக்கு வட்டி எடுத்து வையுங்கள்.

வயிற்றில் புளியைக் கரைக்குமா, கரைக்காதா?

2007 கோடையில், பிரிட்டனில் புதிதாகப் பட்டம் வாங்கிய ஏராளமான இளைஞர்களுக்குக் கரைத்தது. வங்கியின் பெயர் ஹெச்.எஸ்.பி.சி. கடனின் பெயர் ஓவர்டிராஃப்ட். நம் ஊர் வியாபாரிகள் 'ஓ.டி.' என்பார்களே, அதேதான். கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஓர் எல்லைவரை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது யார்? அதற்கு நாம் 1728க்குப் போகவேண்டும்.

ஊர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ. வில்லியம் ஹாக் என்று ஒரு வியாபாரி. எல்லா வியாபாரிக்கும் உள்ள தலைவலிதான் அவருக்கும். வாங்கிய சரக்குக்கு இன்றே பணம் கொடுக்கவேண்டும், விற்ற சரக்குக்குப் பணம் மெதுவாகத்தான் வரும். முந்தைய வருடம்தான் தொடங்கியிருந்த ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அவருக்கு ஒரு சலுகை கொடுத்தது. கணக்கில் இருப்பதைவிட ஆயிரம் பவுண்டு அதிகமாக எடுத்துக்கொள்ளலாம். உலகின் முதல் ஓவர்டிராஃப்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான்.

சும்மா யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பிறகு இந்தப் பழக்கம் ஸ்காட்லாந்து முழுக்கப் பரவியபோது, நிலபுலன் உள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்கவேண்டும் என்பது வழக்கம். பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் 1776ல் இதை விளக்கியே எழுதியிருக்கிறார்.

சரி, நிலமும் இல்லாத, ஜாமீனும் இல்லாத மாணவனுக்கு எப்படி ஓ.டி. கிடைத்தது?

1962ல் பிரிட்டனில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. முழுநேரமாக முதல் பட்டம் படிக்கிறவர்களுக்கு உள்ளூர் நிர்வாகம் உதவித்தொகை தரவேண்டும் என்றது. அதைப் போட்டுவைக்க ஒரு கணக்கு வேண்டாமா? வங்கிகளுக்குக் கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது. இன்று பரட்டைத் தலையோடு வருகிற பையன் நாளைக்கு டாக்டர், வக்கீல், கம்பெனி மேனேஜர். சம்பளம், வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ் எல்லாம் நம்மிடமே வரும். பதினெட்டு வயதில் பிடித்துப்போட்டால் ஆயுளுக்கும் நம் ஆள்! ஆக, ஜாமீன் நின்றது அவனுடைய எதிர்காலம்.

பிறகு அரசாங்கம் மெல்லக் கையை விரித்தது. 1990ல் உதவித்தொகையை உயர்த்தாமல் நிறுத்திவைத்து, மாணவர் கடன் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1998ல் வருடத்துக்கு ஆயிரம் பவுண்டு படிப்புக் கட்டணம் வந்தது. முன்பு அவசரத்துக்கு உதவிய ஓ.டி., இப்போது பலருக்கு மாதக் கடைசியின் மளிகைச் செலவாகிவிட்டது.

இந்த நிலையில்தான் 2007ல் ஹெச்.எஸ்.பி.சி.யின் அறிவிப்பு. படிப்பு முடிந்தவர்களுக்கு 1,500 பவுண்டுவரை இருந்த வட்டியில்லாச் சலுகை ரத்து. இனி 9.9 சதவிகித வட்டி. முழுக்கக் கடன் வைத்திருந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 150 பவுண்டு.

நேரத்தைக் கவனியுங்கள். கோடை விடுமுறை. கல்லூரிகள் காலி. பட்டம் வாங்கியவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். யார் கூடி, எங்கே கோஷம் போடுவது?

ஃபேஸ்புக்கில் போட்டார்கள்! 2004ல் ஓர் அமெரிக்கக் கல்லூரி விடுதியில் பிறந்து, 2006 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் கதவு திறந்த சமாசாரம் அது. தேசிய மாணவர் சங்கத்தின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் என்ற இளைஞர் அங்கே ஒரு குழுவை ஆரம்பித்தார். (பின்னாளில், 2024 ஜூலையில், பிரிட்டிஷ் அமைச்சரவையில் சுகாதாரத் துறைக்கு அமைச்சரானவர் இவரே.) ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் ஒன்றுதான். கணக்கை மூடிவிட்டு வேறு வங்கிக்குப் போய்விடுவோம்!

தனியாக ஒருவன் சொன்னால் வங்கி சிரித்திருக்கும். ஆனால், இவர்கள் மொத்தமாகக் கிளம்பினால் அந்த 'ஆயுளுக்கும் நம் ஆள்' கணக்கு என்னாவது? ஆகஸ்ட் 30ம் தேதி வங்கி பின்வாங்கியது. வட்டி நிறுத்தம். அந்த மாதம் பிடித்த வட்டியும் வாபஸ்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை.

சரியாகப் பதினைந்தாவது நாள், செப்டம்பர் 14. நார்தர்ன் ராக் என்ற இன்னொரு வங்கியின் வாசல்களில் நீளமான க்யூ. போட்ட பணத்தை எடுக்க ஜனங்கள் அலைமோதினார்கள். கையில் பணம் போதாமல், பேங்க் ஆஃப் இங்கிலாந்திடம் அவசரக் கடன் கேட்டிருந்தது அந்த வங்கி. மறு வருடம் அக்டோபரில், ஹாக்குக்கு ஆயிரம் பவுண்டு கொடுத்த அதே ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்த பிரிட்டிஷ் அரசாங்கம் மொத்தம் 4,550 கோடி பவுண்டு கொட்டியது. மக்களின் வரிப்பணம்.

2020 ஏப்ரலில் பிரிட்டனில் ஓ.டி. விதிகள் மாறின. பல பெரிய வங்கிகள் சாதாரணக் கணக்குக்கு 40 சதவிகிதத்தை ஒட்டி வட்டி வைத்தன. மாணவர் கணக்கிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குப் பொதுவாக இரண்டு, மூன்று வருடம் அவகாசம். வட்டியில்லா எல்லை படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். அதற்குள் அடைக்காவிட்டால் அந்த வட்டிதான்.

ராயல் பேங்கிடம் தன் கடைசிப் பங்கையும் விற்று அரசாங்கம் வெளியே வந்தது 2025 மே மாதத்தில். போட்ட பணத்தில் ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல் திரும்பி வரவேயில்லை.

மாணவனுக்கு மூன்று வருடம். வங்கிக்குப் பதினேழு வருடம். எதிர்காலத்தை நம்பிக் கொடுத்த கடன்தான் இரண்டுமே. வட்டி விகிதத்தை நிர்ணயிக்கிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.