விருந்தாளிகளின் ஊர்

ஆகஸ்டுத் திங்களில் நமது திருவழிபாட்டு நாள்காட்டி மூன்று நினைவுகளை அருகருகே வைத்திருக்கிறது. 9ஆம் நாள் திருச்சிலுவையின் புனித தெரேசா பெனடிக்டா, அதாவது எடித் ஸ்டைன். 14ஆம் நாள் புனித மாக்சிமிலியன் மரிய கோல்பே. மறுநாள் அன்னை மரியாவின் விண்ணேற்பு. முதல் இருவரும் உயிர்நீத்த இடம் ஒன்றே. அதன் பெயர் அவுஷ்விட்ஸ். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆகஸ்டு மறையுரைகளில் அப்பெயரை நாம் சொல்லி வருகிறோம்.

சென்ற ஆண்டு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். “சாமி, அவுஷ்விட்ஸ் என்பது சிறையின் பெயரா, ஊரின் பெயரா? ஊர் என்றால், அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?” என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. “அடுத்த வகுப்பில் சொல்கிறோம்” என்று கூறி அமர்த்தினோம். அதன்பின் தேடிப் படித்தவற்றை வாசகப் பெருமக்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அது ஊரின் பெயர்தான். போலந்து நாட்டின் தென்பகுதியில், விஸ்துலா ஆற்றோடு கலக்கும் சோவா ஆற்றின் கரையில் அமைந்த பழம்பெரும் சிறுநகர். போலந்து மக்கள் அதனை ஓஷ்வியெஞ்சிம் என்பர். அவுஷ்விட்ஸ் என்பது ஜெர்மானியர் வழங்கிய பெயர். அந்நகரில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் அதனை ஓஷ்பிட்சின் என்று அழைத்தார்கள்.

இம்மூன்றாம் பெயரில் ஒரு நயம் உண்டு. ‘உஷ்பிசின்’ என்ற அரமேயச் சொல்லுக்கு விருந்தாளிகள் என்று பொருள். கூடாரப் பெருவிழாவின் ஏழு நாள்களிலும் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது ஆகிய முன்னோரைத் தங்கள் கூடாரத்திற்கு விருந்தாளிகளாக வருமாறு அழைப்பது யூதக் குடும்பங்களின் வழக்கம். அச்சொல்லின் ஒலியைத் தங்கள் ஊர்ப்பெயரிலும் கேட்டு அம்மக்கள் மகிழ்ந்தார்கள்.

அவர்கள் அங்கே குடியேறியது பதினாறாம் நூற்றாண்டிலாகும். வரவேற்பு ஒரே சீராக இருக்கவில்லை. 1563இல் கத்தோலிக்க மன்னர் சிகிஸ்முண்டு அகஸ்து, புதிய யூதர்கள் அந்நகரில் குடியேறுவதற்குத் தடை விதித்தார். ஆயினும் 1588இல் யான் பியோத்ராஷெவ்ஸ்கி என்ற நகரவாசி, தொழுகைக்கூடமும் கல்லறைத் தோட்டமும் அமைத்துக்கொள்ள அவர்களுக்கு நிலம் அளித்தார். தடையும் கொடையும் இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில், அதே ஊரில் நிகழ்ந்தன. தொழ ஓர் இடம், இறந்தோரை அடக்க ஓர் இடம். இவ்விரண்டும் கிடைத்தபின் ஒரு மக்கள் அந்த மண்ணை அந்நியம் என்று எண்ணுவதில்லை. நமது நாட்டிலும் எத்தனையோ பங்குகளின் வரலாறு அவ்வாறே தொடங்கியிருக்கிறது.

1772இல் போலந்து பங்கிடப்பட்டபோது நகர் ஆஸ்திரியாவின் ஆட்சிக்குள் சென்றது. 1856இல் இருப்புப்பாதை வந்தது. 1867இல் ஆஸ்திரிய நாட்டில் யூதர்களுக்குச் சமவுரிமை கிடைத்தது. வணிகம் வளர்ந்தது, நகரும் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 14,000. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் யூதர்கள். பெரிய தொழுகைக்கூடம் ஒன்றும், சிறிய தொழுகையிடங்கள் பலவும் இருந்தன. நகராட்சித் தலைவர் கத்தோலிக்கராகவும் துணைத்தலைவர் யூதராகவும் இருப்பது வழக்கமாயிற்று.

அந்நகரின் பங்கு ஆலயம் அன்னை மரியாவின் விண்ணேற்பு ஆலயம். அதன் அருகிலேயே ‘மிஷ்னா பயில்வோர் கழகம்’ என்ற யூத பக்திச்சபையார் 1913இல் ஒரு தொழுகைக்கூடத்தைக் கட்டத் தொடங்கினார்கள். ஆலய மணியோசை கேட்கும் தொலைவில் தோரா ஓதப்பட்டது. போருக்கு முந்திய ஆண்டுகளிலும் போரின்போதும் அங்குப் பங்குத்தந்தையாக இருந்தவர் அருள்திரு யான் ஸ்கார்பெக். யூத மக்களோடு நல்லுறவு பேணியவர் என்று ஊரார் அவரை நினைவுகூர்கிறார்கள். அந்தத் தொழுகைக்கூடம் நிற்கும் சதுக்கம் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஒரு கத்தோலிக்கக் குருவின் பெயர் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் முகவரியாய் அமைவதைவிட மேலான நினைவுச்சின்னம் ஒரு பங்குத்தந்தைக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஊரின் யூதர்களை ஓர் எண்ணிக்கையாகவே நாம் அறிந்திருக்கிறோம். ஊர் என்பது குடும்பங்களால் ஆனது. ஆகவே மூன்று குடும்பங்களை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

முதலாவது, ஹாபர்ஃபெல்டு குடும்பம். யாக்கோபு ஹாபர்ஃபெல்டு என்பவர் 1804இல் அந்நகரில் மதுவடிப்பாலை ஒன்றைத் தொடங்கினார். அவருடைய வழித்தோன்றல்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக நடத்தினார்கள். அதன் வோட்காவும் பழமதுவும் சுற்றுவட்டாரமெங்கும் பெயர் பெற்றிருந்தன. 1939ஆம் ஆண்டுக் கோடையில் அக்குடும்பத்தின் அல்ஃபோன்சும் அவர் மனைவி பெலிட்சியாவும் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்றார்கள். 1937இல் பிறந்த தங்கள் ஒரே மகள் பிரான்சிஸ்கா ஹென்ரிக்காவைப் பாட்டியிடம் விட்டுச் சென்றார்கள். அவர்கள் திரும்பும் வழியில் போர் மூண்டது. கப்பல் போலந்தை அடையவில்லை. பெற்றோர் மீண்டும் அமெரிக்கா சென்றார்கள். குழந்தையை வரவழைக்க அவர்கள் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1942இல் அக்குழந்தை தன் பாட்டியோடு பெவ்ஜெட்ஸ் முகாமில் கொல்லப்பட்டாள். பெலிட்சியா 2010வரை வாழ்ந்தார். சில வாரப் பயணம் என்று விடைபெற்ற ஒரு தாய், அந்தக் குழந்தையின் நினைவோடு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள்.

இரண்டாவது, ஷோன்கர் குடும்பம். உர ஆலை நடத்திவந்தவர்கள். ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றியபின் அக்குடும்பத்தின் லியோன் ஷோன்கர், யூத சமூகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. யூதர்கள் வெளிநாடு செல்வதற்கான அலுவலகம் ஒன்று அந்நாளில் அதே நகரில் இயங்கியதாக அவர் மகன் ஹென்ரிக் 2005இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். மக்கள் நம்பிக்கையோடு பதிவு செய்தார்கள். அவர்களை ஏற்க நாடுகள் முன்வரவில்லை. பின்னாளில் சாவின் வாயிலாகிய நகர், ஒருவேளை தப்பிச்செல்லும் வாயிலாகவும் ஆகியிருக்கக்கூடும். கதவடைத்தவர்களின் பட்டியலில் கொலைகாரர்கள் மட்டும் இல்லை என்பதை இச்செய்தி நமக்கு உணர்த்துகிறது.

மூன்றாவது, குளூகர் குடும்பம். மேற்சொன்ன தொழுகைக்கூடத்தை ஒட்டிய வீட்டில் பெர்னார்டு, பிரீடா என்ற பெற்றோரும் அவர்களுடைய ஒன்பது பிள்ளைகளும் வாழ்ந்தார்கள். அந்த ஒன்பதின்மருள் போருக்குப்பின் எஞ்சியவர் மூவர். அவர்களுள் ஒருவரான ஷிமோனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகருக்குள் நுழைந்தது. நவம்பர் 29ஆம் நாள் இரவில் பெரிய தொழுகைக்கூடம் தீக்கிரையாக்கப்பட்டது. ஆற்றின் மறுகரையில் போலந்துப் படையின் பழைய குடியிருப்புக் கட்டடங்கள் இருந்தன. இருப்புப்பாதைச் சந்திப்பும் அருகிலேயே இருந்தது. அவ்விடத்தை வதைமுகாமாக்க 1940இல் முடிவாயிற்று. அக்கட்டடங்களைத் துப்புரவு செய்து ஆயத்தப்படுத்த முதலில் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் யார்? அதே நகரின் யூதர்கள், ஏறத்தாழ 300 பேர். தாங்கள் கூட்டிப் பெருக்குவது எதற்காக என்பதை அவர்கள் அறிந்திருக்க முடியாது. 1940 ஜூன் 14ஆம் நாள் போலந்து அரசியல் கைதிகள் 728 பேர் அங்குக் கொண்டுவரப்பட்டார்கள். கோல்பே அடிகளார் அம்முகாமுக்கு வந்தது அடுத்த ஆண்டில்.

1941 ஏப்ரலில் நகரின் யூதர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். அண்டை ஊர்களாகிய சொஸ்நோவியெட்ஸ், பெஞ்சின், ஹ்ஷானூவ் ஆகியவற்றில் அவர்கள் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் ஜெர்மானியருக்குத் தேவைப்பட்டன. நானூறு ஆண்டு வாழ்வு சில நாள்களில் முடிந்தது.

அதற்கு அடுத்து நிகழ்ந்ததை எழுதும்போது எழுதுகோல் தயங்குகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அவ்வூர்களின் யூதர்கள் இரயில் வண்டிகளில் ஏற்றப்பட்டு அழிவு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வண்டிகள் வந்து நின்ற இடம் அவுஷ்விட்ஸ். மற்றவர்களுக்கு அது கேள்விப்படாத பெயர். ஓஷ்பிட்சின் மக்களுக்கோ அது சொந்த ஊர். தாங்கள் விளையாடிய ஆற்றங்கரைக்கு, மணம்முடித்த ஊருக்கு, மூதாதையரை அடக்கம் செய்த மண்ணுக்கு அவர்கள் அவ்விதம் திரும்பி வந்தார்கள்.

அம்முகாமில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் யூதர்கள். 1945 ஜனவரி 27ஆம் நாள் முகாம் விடுவிக்கப்பட்டது. ஊர் திரும்பிய யூதர்கள் இருநூறு பேர்கூட இல்லை. அவர்களும் மெல்ல மெல்ல வெளிநாடு சென்றார்கள். ஷோன்கர் குடும்பம் திரும்பி வந்தது; ஆனால் புதிய ஆட்சி ஆலையைப் பறித்துக்கொண்டது. 1950களில் அவர்களும் புறப்பட்டார்கள். தொழுகைக்கூடம் ஒரு காலத்தில் கம்பளக் கிடங்காயிற்று.

ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். அவர்தான் ஷிமோன் குளூகர். 1925இல் பிறந்தவர். முகாம்களிலிருந்து உயிர்தப்பிச் சுவீடன் சென்ற அவர், 1960களின் தொடக்கத்தில் ஊர் திரும்பித் தம் பெற்றோரின் வீட்டிலேயே தனியே வாழ்ந்தார். அடுத்த வீடு தொழுகைக்கூடம். ஆனால் தொழுவதற்கு வேண்டிய பத்து ஆடவர் அந்நகரில் இல்லை. 2000 மே 26ஆம் நாள் அவர் மறைந்தார். ஊரின் யூதக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நகரின் கடைசி யூதர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் அத்தொழுகைக்கூடம் செப்பனிடப்பட்டு, யூத வரலாற்றை எடுத்துரைக்கும் மையத்தோடு மீண்டும் திறக்கப்பட்டது. 2004இல் பெரிய தொழுகைக்கூடம் இருந்த இடத்தைத் தோண்டியபோது, மண்ணுக்கடியிலிருந்து பழைய விளக்குத்தண்டுகள் கிடைத்தன. 2019இல் அவ்விடம் நினைவுப் பூங்காவாயிற்று.

இவ்வரலாறு நமக்கு என்ன சொல்கிறது?

நாம் அங்கே இரு புனிதர்களைக் கண்டோம், கண்டது சரியே. இன்னொருவருக்காகத் தம் உயிரைக் கொடுத்த கோல்பே அடிகளார் திருச்சபையின் மணிமுடி. ஆனால் எடித் ஸ்டைன் அங்குக் கொல்லப்பட்டது யூதப் பெண்ணாகப் பிறந்ததற்காகவே என்பதை நாம் எத்தனைமுறை அழுத்திச் சொல்லியிருக்கிறோம்? முகாமின் வேலியருகே 1984இல் கார்மேல் துறவியர் மடம் ஒன்று தொடங்கியபோது உலகெங்கும் யூதர்கள் வருந்தினார்கள். செபிப்பதற்கு ஏன் தடை என்று அப்போது நம்மவர் பலர் வியந்தார்கள். இறந்தவர்களின் நினைவும் தங்களிடமிருந்து எடுக்கப்படுகிறதே என்பதே அவர்களின் வேதனை. 1993இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கன்னியர் வேறிடம் செல்லுமாறு எழுதினார், அவர்களும் பணிந்தார்கள். அமைதியாக விலகி நிற்பதும் அன்பின் ஒரு வடிவமே.

நாசிக் கொள்கை திருச்சபையின் போதனை அன்று. திருச்சபையின் மக்களும் அதற்குப் பலியானார்கள். எனினும் பல நூற்றாண்டுகளாக யூதர்களைப் பற்றி நாம் பேசிய இழிசொற்கள் மக்களின் மனத்தை மரக்கச் செய்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. பெரிய வெள்ளி மன்றாட்டில் அவர்களைக் குறித்து வழங்கிய கடுஞ்சொல்லைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1959இல்தான் நீக்கினார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், ஆண்டவர் பட்ட பாடுகளின் பழியை யூத மக்கள் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று 1965இல் போதித்தது. அந்தத் தெளிவு வந்தபோது ஓஷ்பிட்சினில் அதனைக் கேட்க ஏறக்குறைய யாருமே மிஞ்சியிருக்கவில்லை.

பங்குத்தந்தையும் ஊராரும் நல்லவர்களாய் இருந்தார்களே, அது போதாதா என்று கேட்கலாம். அந்நல்லுறவு மெய்யானது, ஆனால் வெளியிலிருந்து வந்த வன்முறையின்முன் அது மட்டும் போதவில்லை. அண்டை வீட்டாரை மதிப்பது தொடக்கம். அவர்களைப் பற்றிப் பொய்யும் இழிவும் பேசப்படும் காலத்திலேயே வாய்திறந்து மறுப்பது அதன் தொடர்ச்சி. இரயில் வண்டிகள் புறப்பட்டபின் மறுப்பதற்கு நேரம் இருப்பதில்லை. இது போலந்துக்கு மட்டும் உரிய பாடமன்று. பல சமயத்தார் ஒரே தெருவில் வாழும் நமது ஊர்களுக்கும் உரியது.

இவ்வாண்டு மறைக்கல்வி வகுப்பில் அச்சிறுமிக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ‘அது ஊரின் பெயர்தான், மகளே, ஊரார் ஊருக்கே கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்’ என்று சொல்வோம். ஹாபர்ஃபெல்டு வீட்டுக் குழந்தையின் பெயரையும், கடைசியாய் எஞ்சி நின்ற குளூகரின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவோம். விண்ணேற்பு விழாவன்று, நாசரேத்தின் யூதக் குடும்பமொன்றில் பிறந்த பெண்ணையே நாம் விண்ணக அரசியாகப் போற்றுகிறோம் என்பதையும் சொல்வோம். அந்த அன்னையின் விண்ணேற்பு ஆலயத்தின் நிழலில் வாழ்ந்த அவளுடைய இனத்தாருக்காக, அன்றைய திருப்பலியின் மன்றாட்டுகளில் ஒன்று இனி நம் பங்கில் ஒலிக்கும்.