படிக்க மறுக்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

"பத்து வயசாகுது. அம்ம ஜுஸ்உ முழுசும் தப்பில்லாம ஓதுறான். ஸ்கூல்லயும் மோசமில்ல. ஆனா ஒரு கதைப் புத்தகத்தக் கையில குடுத்தா ரெண்டு பக்கம் தாண்ட மாட்டேங்குறான்."

நம் வீடுகளில் உம்மாக்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. உடனே எல்லோரும் கைபேசியைக் குற்றம் சொல்லிவிடுகிறோம். அதற்கும் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிய வீடுகளிலும் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே தவிர, புத்தகத்தை எடுப்பதில்லை. அப்படியானால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

நம் பிள்ளை ஒரு நாளில் எத்தனை எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மக்தபில் வலமிருந்து இடமாக அரபி. பள்ளியில் ஆங்கில வழிக் கல்வி. அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. சில குடும்பங்களில் உருதும் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒரு பெரியவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மக்ரஜ் பிசகினால் உஸ்தாத் நிறுத்துவார். நிறுத்தத்தான் வேண்டும், திருக்குர்ஆனை ஓதுவதில் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய உச்சரிப்பு உண்டு. பள்ளியில் டீச்சரும் நிறுத்தித் திருத்துகிறார். இதையே ஆண்டுக்கணக்கில் செய்த பிள்ளை, படிப்பது என்றாலே தப்பு செய்து மாட்டிக்கொள்ளும் வேலை என்று முடிவு கட்டிவிடுகிறது.

ஓதுவது வேறு, கதை வாசிப்பது வேறு என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கதைப் புத்தகத்தில் தெரியாத சொல்லைத் தாண்டிப் போகலாம். படத்தை மட்டும் பார்க்கலாம். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கலாம். பிடிக்கவில்லையென்றால் பாதியில் மூடி வைக்கலாம். இந்தச் சுதந்திரத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை கதை படித்து முடித்ததும் "என்ன புரிஞ்சுது, சொல்லு பாப்போம்" என்று கேள்வி கேட்பதையும் விட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வியில் கதைப் புத்தகம் பாடப் புத்தகமாகிவிடும்.

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தம் இராமேஸ்வரம் நாள்களைப் பற்றி 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருப்பதை இங்கே நினைவுபடுத்தலாம். ஊருக்கு நாளிதழ் விநியோகம் செய்துவந்தவர் அவருடைய உறவினர் சம்சுதீன். அச்சில் இருப்பதைப் படிக்கும் திறன் அப்போது கலாமுக்கு வரவில்லை. அதனால் தினமணி வாசகர்கள் கைக்குப் போவதற்கு முன் அதிலுள்ள படங்களைப் பார்த்து மனநிறைவு அடைந்ததாகச் சொல்கிறார். உள்ளூரில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற தேசியவாதி சொந்தமாக ஒரு நூலகம் வைத்திருந்தார். அவருடைய வீட்டுக்கு அடிக்கடி போய்ப் புத்தகம் வாங்கி வந்ததையும், நிறையப் படிக்கச் சொல்லி அவர் ஊக்கப்படுத்தியதையும் கலாம் நன்றியோடு குறிப்பிடுகிறார். படம் பார்ப்பதும் வாசிப்பின் ஒரு கட்டம்தான். "இவ்வளவு பெரியவனாகியும் படக்கதையா?" என்று கேட்கும் வாப்பாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் வாசித்துக் காட்டுவது

தமிழ்ப் புத்தகத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டில் நாம் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறொன்று. "வாப்பா வந்துட்டாக" என்று பேசி வளரும் பிள்ளை, "தந்தையார் வந்து சேர்ந்தார்" என்ற வரியில் தடுக்கி நிற்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாமல் அது நிற்கவில்லை. அந்த நடையை அதன் காது கேட்டுப் பழகவில்லை, அவ்வளவுதான். இதற்கு ஒரே மருந்து நாம் சத்தமாக வாசித்துக் காட்டுவது. "தானாகப் படிக்கத் தெரிந்தபின் எதற்கு?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதுவரை தொடரலாம். இஷாவுக்குப் பிறகு, சாப்பாடு முடிந்து படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நீங்கள் போனபின் சில பிள்ளைகள் அதைத் தாமே திறப்பார்கள்.

அளவு பார்த்து வாங்குவது

நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஆசை ஆசையாகப் பதினைந்து புத்தகங்களை அள்ளி வந்தேன். எல்லாம் நல்ல புத்தகங்கள்தாம். என் மகன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவன் வயதுக்கு வாங்கினேனே தவிர, அவனால் படிக்க முடிந்த அளவுக்கு வாங்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ் வாசிப்பு மூன்றாம் வகுப்பு அளவில் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த அளவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பிள்ளையை மனதுக்குள் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்க நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் பிரித்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்திலும் கதைகளை நான்கு நிலைகளாக அடுக்கியிருக்கிறார்கள். தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, கட்டணம் கிடையாது. கைபேசியைத் தவிர்க்கவே முடியாத வீட்டில் அதை இதற்காவது பயன்படுத்தலாம்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால் என் முதல் பதில் முல்லா நஸ்ருதீன் கதைகள். ஒவ்வொன்றும் அரைப் பக்கம், முடிவில் ஒரு சிரிப்பு. படிக்க மறுக்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒன்றை முடித்துவிட்டோம் என்ற திருப்தி, அது இதில் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத் தூலிகா வெளியிடும் தமிழ்–ஆங்கில இருமொழிப் படக்கதைகள் பொருத்தம். தமிழில் தடுமாறுகிறவர்கள் பக்கத்திலேயே ஆங்கிலத்தையும் பார்த்துக்கொள்ளலாம். கதையே பிடிக்காது, ராக்கெட்டும் பூச்சியும்தான் பிடிக்கும் என்கிற பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் இருக்கிறது. தகவல் புத்தகம் படிப்பதும் வாசிப்புதான். காமிக்ஸுக்கும் தடை வேண்டாம். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட துறுதுறுப்பான சிறுமிக்கு வேறொரு பள்ளி பிடித்துப்போன உண்மைக் கதை அது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' கொடுக்கலாம். எழுத்தாளரின் சொந்தப் புத்தகத்தையே தின்றுவிடும் ஆடு, உம்மா, தங்கை, கூட்டுக் குடும்பத்துச் சண்டை என்று நம் வீட்டுக்குள் நடப்பது போலவே இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

மார்க்கப் பற்றுள்ள பெற்றோருக்கு இந்தக் கவலை இயல்பானது, நியாயமானதும்கூட. ஆனால் அட்டையைப் பார்த்து ஒதுக்குவதைவிட, நாம் முதலில் படித்துவிடுவது மேல். பிள்ளைகள் புத்தகத்தைப் படித்து முடிக்க நமக்கு அரை மணி நேரம் ஆகுமா? ஆயிரத்தொரு இரவுகள் என்றால் சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும், முழுப் பதிப்பு பெரியவர்களுக்கானது. நபிமார் வரலாறு வாங்கும்போது படங்களையும் புரட்டிப் பாருங்கள். பிற சமயக் கதையோ மாயமந்திரமோ வருகிறது என்றால், ஒளித்து வைப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது அவங்க நம்பிக்கை, இது வெறும் கற்பனை, நம்ம நம்பிக்கை இது" என்று பேசிவிடலாம்.

இஸ்லாமிய நூல்கள் விஷயத்திலும் மனம் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறுவர்களுக்கு என்று போட்டு விற்கும் சில நூல்கள் அரபியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் கரடுமுரடாக மொழிபெயர்க்கப்பட்டவை. பக்கத்துக்குப் பக்கம் உபதேசம். நல்ல விஷயம் இருக்கிறதே என்று அதைத் திணித்தால், அந்த விஷயத்தின் மீதே பிள்ளைக்குச் சலிப்பு வந்துவிடும் அபாயம் உண்டு. ஸஹாபாக்களின் வாழ்க்கையை நல்ல தமிழில் கதையாகச் சொல்லும் நூலைத் தேடி வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் நீங்களே வாயால் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். புத்தகத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். பள்ளிவாசல் நூலகங்களில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தடித்த தஃப்ஸீர்கள் மட்டுமே இருக்கும் ஊர்களில், கீழ்த்தட்டு ஒன்றைச் சிறுவர் புத்தகங்களுக்கு ஒதுக்கும்படி ஜமாஅத்தில் கேட்டுப் பார்க்கலாம். பூட்டுப் போடாமல்!

இத்தனைக்குப் பிறகும் மூன்றாம், நான்காம் வகுப்பில் எளிய சொற்களையே எழுத்துக்கூட்ட முடியாமல் தவித்தால், முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். பேச்சில் சூட்டிகையாக இருக்கும் பிள்ளை எந்த மொழியிலும் படிக்கத் திணறினால் அது டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறி என்று அடிப்பதால் அது தீராது. உரிய பயிற்சி கொடுத்தால் முன்னேற்றம் உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கென்றே இயங்குகின்றன.

கடைசியாக, வளைகுடாவில் இருக்கும் வாப்பாமாருக்கு. தினமும் வீடியோ அழைப்பில் "சாப்பிட்டியா, ஓதினியா, மார்க் எவ்வளவு" என்ற மூன்று கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள், அல்லது ஸ்டோரிவீவரில் ஒரே கதையை இருவரும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். தப்பாகப் படித்தால் திருத்தாதீர்கள். மூன்று பக்கம் முடிந்ததும், மீதி நாளைக்கு என்று சொல்லி அழைப்பை வையுங்கள்.