கண்ணாடி, லென்ஸ், லேசர்: ஒரு வரவு செலவுக் கணக்கு

இங்கே அகமதாபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் முன்பெல்லாம் நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும், ஊருக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா என்றுதான் பேச்சு போகும். இப்போது பிள்ளைகள் வளர்ந்து விட்டார்கள். பேச்சும் மாறி விட்டது. "உங்க பொண்ணுக்கு என்ன பவர்? லேசர் பண்ணியாச்சா?"

நான் பதினாறு வருஷம் கான்டாக்ட் லென்ஸ் போட்டு, நாற்பது வயதில் லேசர் செய்துகொண்டவன் என்பதால், இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வருகிறது. நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த பேங்க் ஆசாமி. ஆனால் ஒரு விஷயத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. அப்படிப் புரட்டிய பழைய கதைதான் இது. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கண்ணுக்கு முன்னால், வாட்ச் கண்ணாடி மாதிரி, நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. வெளிச்சத்தை வளைத்து உள்ளே அனுப்புவதில் பெரும்பங்கு அதற்குத்தான். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்து விடும். இதைச் சரிசெய்ய மூன்று வழி. கண்ணுக்கு வெளியே ஒரு கண்ணாடி வைக்கலாம், கார்னியாவின் மேலேயே ஒன்றை ஒட்டலாம், அல்லது கார்னியாவின் வளைவையே மாற்றலாம். இந்தக் கதை முழுக்க இந்த மூன்றுக்குள்தான்.

இரண்டாவது வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இருந்த டாக்டர் அடால்ஃப் ஃபிக். 1888 இல் கண்ணாடியில் செய்த லென்ஸை முதலில் முயல்களுக்கும், பிறகு தனக்கும், நோயாளிகளுக்கும் போட்டுப் பார்த்தார். கண்ணின் வெள்ளைப் பகுதி வரைக்கும் மூடும் கனமான கண்ணாடிக் கிண்ணம் அது. உள்ளே சர்க்கரைக் கரைசலை ஊற்றி மாட்ட வேண்டும். சில மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். 1948 இல் கெவின் டூஹி என்ற அமெரிக்கர், கார்னியாவை மட்டும் மூடும் சின்ன பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். நம் ஊரில் 'ஹார்டு லென்ஸ்' என்று பழைய ஆட்கள் சொல்வது அந்த வம்சம்தான்.

இப்போது நாம் போடும் மெத்தென்ற லென்ஸின் கதை இன்னும் சுவாரசியம். செக்கோஸ்லோவாகியாவில் ஓட்டோ விக்டர்லே என்று ஒரு வேதியியல் விஞ்ஞானி. தண்ணீரை உறிஞ்சி மிருதுவாகும் ஒரு பிளாஸ்டிக்கை அவரும் அவர் சகா டிராஹோஸ்லாவ் லிமும் உருவாக்கினார்கள். அதில் லென்ஸ் வார்க்கும் முயற்சிக்கு அரசு ஆதரவு கிடைக்கவில்லை. மனுஷன் விடவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் விளையாடும் 'மெர்க்கூர்' என்ற இரும்புத் துண்டு விளையாட்டு செட்டையும், ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து, வீட்டிலேயே ஒரு இயந்திரம் கட்டினார். அச்சைச் சுழற்றிச் சுழற்றி அதில் வார்த்ததுதான் முதல் நல்ல சாஃப்ட் லென்ஸ்கள். அந்த உரிமை கைமாறி அமெரிக்காவுக்குப் போய், 1971 இல் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. உலகமே அதில் சம்பாதித்தது. அவருக்குப் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. போதாக்குறைக்கு 1968 அரசியல் மாற்றத்தில் ஜனநாயகத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டதற்காக நிறுவனத் தலைவர் பதவியும் பறிபோனது. 1998 இல் காலமானார்.

அந்த லென்ஸை 2003 இல் நானும் போட்டேன். சோடாபுட்டிக் கண்ணாடியோடு பெண் பார்க்கப் போக மனசில்லை. அதுதான் உண்மையான காரணம் :-) மைனஸ் 6 பவர். முதல் நாள் லென்ஸ் போட்டு வெளியே வந்தபோது மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. பைக்கில் போகும்போது ஓரக்கண்ணாலும் பார்க்க முடிந்தது. அந்த சந்தோஷத்தைக் கண்ணாடி போடாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனால் லென்ஸ் என்பது தினமும் தவணை கட்டும் கடன். கை கழுவணும், கரைசல் மாற்றணும், டப்பாவைக் காயவைக்கணும், அதைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் படவே கூடாது, ஏனென்றால் அதில் இருக்கும் அகாந்தமீபா என்ற கிருமி கார்னியாவையே அரித்து விடும். கரைசலே சிக்கல் கொடுத்த காலமும் உண்டு. 2006 இல் பல நாடுகளில் லென்ஸ் போட்டவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வந்து, 'ரீநியூ மாய்ஸ்சர்லாக்' என்ற கரைசலை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் குஜராத்தின் வறண்ட வெயிலும் தூசியும், நாள் முழுக்க ஏசி ஹாலில் கம்ப்யூட்டரும் சேர்ந்து, சாயங்காலம் ஆனால் கண் மிளகாய்ப்பழம். பதினாறாவது வருஷம் கண் டாக்டர் இமையைத் திருப்பிப் பார்த்து, "இனி லென்ஸ் வேண்டாம்" என்று முடித்துவிட்டார். அப்போதுதான் மூன்றாவது வழியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வழியின் பழைய ஃபைல் கொஞ்சம் பயமுறுத்தும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இதில்தான் பாடம் இருக்கிறது.

ஜப்பானில் சுதோமு சாத்தோ என்ற டாக்டர் 1930களின் கடைசியில் ஆரம்பித்து, 1950கள் வரை, கார்னியாவின் உள்பக்கத்தில் கத்தியால் கீறி அதைத் தட்டையாக்கினார். பார்வை தெளிந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் கார்னியாவின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல்கள் இருக்கின்றன. கார்னியாவில் தண்ணீர் தேங்காமல் இறைத்துக்கொண்டே இருப்பது அவைதான். அவை செத்தால் மறுபடி முளைக்காது. இது அன்றைக்குத் தெரியாது. பத்து, இருபது வருஷம் கழித்து அந்த நோயாளிகளின் கண்கள் வரிசையாக வீங்கி மங்க ஆரம்பித்தன.

அடுத்து சோவியத் ரஷ்யா. 1970களில் மாஸ்கோவில் ஸ்வியாத்தோஸ்லாவ் ஃபியோதொரோவ் கீறலை வெளிப்பக்கத்துக்கு மாற்றினார். சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி நடுவை விட்டுவிட்டுச் சுற்றிலும் கீறல்கள். நோயாளிகளைச் சுழலும் மேஜைகளில் படுக்க வைத்து, ஆளுக்கொரு வேலையாக டாக்டர்கள் செய்து அனுப்பும் தொழிற்சாலை முறையும் அவருடையதுதான். அமெரிக்காவிலும் இது பரவியது. அங்கே அரசு உதவியுடன் 'பெர்க்' என்ற ஆய்வில் நோயாளிகளைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 1994 இல் முடிவு வந்தது. 43 சதவீதக் கண்கள், ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆனதிலிருந்து பத்தாவது வருஷத்துக்குள், ஒரு பவரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன. கீறிய கார்னியா ஓரிடத்தில் நிற்கவில்லை, மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் நடந்த விபத்தில் பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் பிழைத்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கீறல் ஆபரேஷன் செய்துகொண்டவர் அவர். உயரம் ஏற ஏறக் கண் மங்கி, பாதி வழியில் உட்கார வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் கொலம்பியாவில், பொகோட்டா நகரில் ஹோசே பராக்கெர் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். கீறுவதற்குப் பதில் கார்னியாவின் ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுத்து, உறைய வைத்து, கடைசல் பிடித்து, திரும்ப வைப்பது. யோசனை அற்புதம். ஆனால் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க அன்றைக்கு ஆயுதம் இல்லை.

அந்த ஆயுதத்தில்தான் நம்மவர் ஒருவர் வருகிறார். ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949 இல் பட்டம், 1950 இல் முதுகலை. அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கி, ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தவர். எக்ஸைமர் என்ற புற ஊதா லேசர் 1970 இல் மாஸ்கோவில் பிறந்தது. ஐபிஎம்மில் அதை பிளாஸ்டிக்கில் நுணுக்கமாகச் செதுக்கும் வேலைக்குச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உயிருள்ள திசுவிலும் இது இப்படி வெட்டுமா என்று ஸ்ரீனிவாசனும், உடன் வேலை பார்த்த ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் இருவரும் யோசித்தார்கள். 1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு மறுநாள். முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பை ஸ்ரீனிவாசன் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். 193 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினார். வெட்டு பளிச்சென்று விழுந்தது. பக்கத்தில் கருகல் இல்லை. சாதாரண பச்சை லேசரை அடித்த இடம் மட்டும் கருகியது. நம் வீட்டில் மிஞ்சிய சாதத்தில் புளியோதரை கிளறுவார்கள், அவர் மிஞ்சிய விருந்தில் வரலாறு கிளறிவிட்டார்!

1983 இல் நியூயார்க் கண் டாக்டர் ஸ்டீபன் ட்ரோகல் அவரோடு சேர்ந்து இதைக் கார்னியாவில் செய்து காட்டி எழுதினார். 1988 இல் டாக்டர் மார்கரெட் மெக்டொனால்ட், புற்றுநோயால் கண்ணையே எடுக்க வேண்டியிருந்த ஒரு பெண்மணியின் சம்மதத்தோடு, பார்வையுள்ள கண்ணில் முதலில் செய்து பார்த்தார். எப்படியும் எடுக்கப்போகும் கண்ணை அடுத்தவர்களுக்காகக் கொடுத்த அந்த அம்மாவை நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இத்தாலியின் புராட்டோவும், கிரேக்கத்தின் பல்லிகாரிஸும் பராக்கெரின் ஏட்டையும் இந்த லேசரையும் சேர்த்தார்கள். ஏட்டைத் திற, அடியில் லேசரால் செதுக்கு, மூடு. அதுதான் 'லாசிக்'. பிறகு ஏட்டைச் சீவவும் கத்தி போய் ஃபெம்டோ லேசர் வந்தது. ஏடே இல்லாமல் சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு தகட்டை உருவும் 'ஸ்மைல்' முறை அடுத்தது. அதில் ஆரம்ப கால முடிவுகளை 2011 இல் எழுதியவர்களில் நம் குஜராத்தின் வதோதராவைச் சேர்ந்த டாக்டர் ரூபல் ஷாவும் ஒருவர்.

சரி, இந்தக் கதையில் நமக்கு என்ன கணக்கு?

கார்னியா ஒரு ஃபிக்சட் டெபாசிட். பிறக்கும்போது வந்தது, மேற்கொண்டு சேராது. லேசர் என்பது அதிலிருந்து எடுக்கும் வித்டிராயல். சராசரி கனம் 540 மைக்ரான் பக்கம். சார்லஸ் மன்னர்லின் என்பவர் கொடுத்த எளிய சூத்திரம் இது: செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கம் செய்து, பவரால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். எனக்கு 6 மில்லிமீட்டர் வட்டம், பவர் 6. 36 ஐ 6 ஆல் பெருக்கி 3 ஆல் வகுத்தால் 72 மைக்ரான் செலவு. மேல் ஏட்டுக்கு 110. என் கார்னியா 530. மிச்சம் 348. குறைந்தது 250 ஆவது அடியில் நிற்க வேண்டும் என்பது பழைய விதி. நம் மினிமம் பேலன்ஸ் மாதிரி. இப்போது பல டாக்டர்கள் 300 கேட்கிறார்கள். அதற்குக் கீழே போனால் கார்னியா பலவீனமாகி முன்னால் பிதுங்கலாம். லாசிக்குக்குப் பின் அப்படி ஆனதை 1998 இல் தியோ சைலர் என்ற டாக்டர் எழுதினார். கனம் போதுமானதாக இருந்தாலும், வடிவத்தில் கோணல் இருந்தால் நல்ல டாக்டர் செய்ய மாட்டார்.

நான் முதலில் விசாரித்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்), "இந்த வாரம் பண்ணினா டிஸ்கவுண்ட்" என்றார்கள். லென்ஸ் எத்தனை நாளாகப் போடுகிறேன் என்று கேட்கவே இல்லை. லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். அதைக் கழற்றி வைத்து, பழைய வடிவம் திரும்பிய பிறகுதான் அளக்க வேண்டும். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் இரண்டு வாரம் கழற்றச் சொல்லி, இரண்டு முறை அளந்து, பிறகுதான் தேதி கொடுத்தார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணி நேரம். மறுநாள் காலை சுவர்க் கடிகாரம் படுக்கையிலிருந்தே தெரிந்தது. ஆறேழு மாதம் கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து. இப்போது வெள்ளெழுத்து வந்து, வவுச்சர் பார்க்க மறுபடி ஒரு கண்ணாடி. லேசர் வெள்ளெழுத்தைத் தடுக்காது, இதை முதலிலேயே சொல்லித்தான் செய்தார்கள்.

இப்போது என் பெண்ணுக்கு வயது 19, பவர் மைனஸ் 4.5. ஊரிலிருந்து சித்தி போன் போட்டால் இதே பேச்சு. "ஏன்டா, பொண்ணுக்கு இன்னும் கண்ணாடியா? நாளைக்கு வர்ற மாப்பிள்ளை வீட்ல கேக்க மாட்டாங்களா?" பெண்ணும் விடுவதில்லை. "நீங்க பண்ணிக்கிட்டீங்கல்லப்பா, நான் ஏன் பண்ணிக்கக் கூடாது?" நியாயமான கேள்வி.

அவளிடம் நான் காட்டியது அவளுடைய பழைய சீட்டுகளைத்தான். போன வருஷம் 4, இந்த வருஷம் 4.5. 18 வயது ஆனால் மட்டும் போதாது, ஒரு வருஷமாவது பவர் நகராமல் நிற்க வேண்டும். நகர்கிற பவரில் லேசர் செய்தால் டெபாசிட்டும் போகும், கண்ணாடியும் திரும்பி வரும். இன்னொன்றும் சொன்னேன். லோகோ பைலட் போன்ற சில ரயில்வே வேலைகளுக்கு லாசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று ஆள்சேர்ப்பு அறிவிப்புகளிலேயே போட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த மாதிரி ஆசை இருந்தால் முதலில் அறிவிப்பைப் படியுங்கள்.

சித்தியிடமும் சொல்லிவிட்டேன். "கண்ணாடி இருக்குன்னு வேண்டாம்னு போற வீடு போகட்டும் சித்தி. கார்னியா அவ சொத்து. அதுல கை வைக்கறதுக்குக் கையெழுத்து அவ மட்டும்தான் போடணும்." சித்திக்குக் கோபம். அடுத்த தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

சாத்தோவிடம் போனவர்களும் ஃபியோதொரோவிடம் போனவர்களும் முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். கணக்கு முடிந்தது பத்து, இருபது வருஷம் கழித்து. இன்றைய லேசருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது, நானும் அதன் பலனை அனுபவிக்கிறவன். அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தள்ளுபடிக்காகவோ முகூர்த்தத் தேதிக்காகவோ அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அடுத்த வருஷம் மறுபடி அளப்போம். பவர் நின்றிருந்து, அவளும் வேண்டும் என்றால், லீவு போட்டுவிட்டு நானே கூட்டிப் போவேன்.