முதுகுவலியும் கைக்காசும்



ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களில் முதுகுவலி அறியாத வீடு இல்லை. அந்நாளில் நம் பெரியவர்கள் காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்தார்கள். இந்நாளில் செம்பனைக் குலைகளைத் தூக்குகிறோம். அறுவைச் சிகிச்சை இல்லாமல் இந்த வலியைப் போக்க மக்கள் என்ன செலவழித்தார்கள், என்ன பலன் கண்டார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

அக்காலத்தில் வலி கண்டவர் முதலில் போன இடம் தோட்டத்து ஆஸ்பத்திரி. தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. டிரெஸர் மருந்து கொடுப்பார். வீட்டில் தைலம் தேய்த்து நீவி விடுவார்கள். இவற்றுக்கு அதிகச் செலவில்லை. பெருஞ்செலவு வைத்தது, "அசையாமல் படுத்திரு" என்ற யோசனைதான். உலகெங்கும் மருத்துவர்கள் நெடுங்காலம் இதையே சொல்லி வந்தார்கள். நாட்கூலிக்காரர் ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரச் சம்பளம் போயிற்று. மளிகைக் கடையில் கடனும் ஏறிற்று.

இந்த யோசனையை 1986இல் அமெரிக்காவில் டாக்டர் ரிச்சர்ட் டேயோ குழுவினர் சோதித்தார்கள். 203 நோயாளிகளில் ஒரு பிரிவினரை 2 நாளும், மற்றவரை 7 நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். குணமானதில் வேறுபாடு இல்லை. ஆனால் 2 நாள் பிரிவினர் இழந்த வேலை நாட்கள் 45 விழுக்காடு குறைவு. 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர் 186 பேரிடம் நடந்த ஆய்வில், வலி தாங்கும் அளவுக்கு நடமாடி அன்றாடக் காரியங்களைச் செய்தவர்களே விரைவாகத் தேறினார்கள். படுத்துக் கிடந்தவர்கள் பின்தங்கினார்கள்.

2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், நாட்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், நீவி விடுதல் ஆகியவை உதவலாம் என்றது. இடுப்பு பெல்ட்டும், முதுகை இழுத்துவிடும் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டியவை அல்ல என்றது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்த காசை பெல்ட்டுக்குக் கொடுத்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். பயிற்சியை அங்கே கேட்டுக் கற்கலாம்.

நடமாடுவது என்றால் வலியோடு குலை தூக்குவது என்று பொருள் அல்ல. வீட்டைச் சுற்றி நடப்பது, சிறு வேலைகள் செய்வது போதும். வேலையில் அடிபட்டிருந்தால் உடனே நிர்வாகத்திடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் தொடங்கிய சொக்சோ அதற்காகவே இருக்கிறது. கால் மரத்துப் பலம் குறைந்தாலும், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலும், காய்ச்சலோடு முதுகு வலித்தாலும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்ற முதுகுவலிகள் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். அதுவரை காசை வீணாக்காமல், உடம்பையும் முடக்காமல் இருப்போம்.